முந்திச் சொன்ன ஆம்

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது. இங்கே என் வலது முட்டியைத் தவிர மற்ற எல்லாம் சுகம். உன் முதுகு எப்படி, தூக்கம் வருகிறதா, உன் மகன் வேளைக்குச் சாப்பிடுகிறானா, வரிசையாக எழுது.

போன மாதம் போனில் பேசியது எனக்குச் சரிப்படவில்லை. உன் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வந்தது. ஆயுசு பூராவும் மைக்செட் வைத்துப் பிழைத்தவனுக்கு அந்தச் சத்தம் தலைவலி. அதனால் பழையபடி நான் வாயால் சொல்ல, கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பொண்ணு எழுதுகிறாள். நீ போடுகிற கடிதத்தையும் அவளே படித்துக் காட்டுவாள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிகிறது.

இங்கே ஊரே கொதிக்கிறது. சட்டசபையில் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள் அல்லவா, அதற்குத்தான். தன் கையே தனக்கு உதவி என்று சொன்னால் அதை இப்படியா புரிந்துகொள்வார்கள்? ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவர்கள், குப்பை வண்டிக்காரர்கள் எல்லாரும் தங்கள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, உன் மகன்தானே நம் ஊர் உறுப்பினர், அவன் அலுவலக ஷட்டரில் ஒட்டிவிட்டார்கள். இப்போது ஷட்டர் எங்கே, பூட்டு எங்கே என்று தெரியவில்லை. காற்றடித்தால் படபடவென்று ஆயிரம் புறா பறக்கிற சத்தம். சீட்டுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தது இந்தப் பொண்ணுதான். போராட்டக் கமிட்டியில் இவளும் ஒருத்தி. கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். ஊர் அவரை விசில் என்றுதான் கூப்பிடும்.

சபையில் கை தூக்கச் சொல்லவில்லையாம். 'ஆதரிப்போர் ஆம் என்க' என்று சபைத் தலைவர் கேட்டாராம், ஒரே இரைச்சலாக 'ஆம்' வந்ததாம், டீ இடைவேளைக்குப் போய்விட்டார்களாம். இப்போது அவரவர் ஊருக்கு வந்து, நான் வாயே திறக்கவில்லை என்கிறார்கள். டீக்கடையில் விசில் கேட்டார், "எவனுமே சொல்லலன்னா, அந்த ஆம்னு கத்தினது நாற்காலியா?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உன் மகனும் அப்படித்தான் பேப்பரில் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னால் நான் நம்புவேன். என் கடையில் வயருக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவான் என்றுதானே கோந்து என்று பேர் வைத்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பச்சைத் தண்ணீரில் குளிக்காதே.

உன் அண்ணன்

(இது நான், ஜெராக்ஸ் கடை. அத்தை, உங்க பையன் மேல எங்களுக்குத் தனிக் கோபம் இல்ல. ஷட்டர் அவரோடது, கோபம் எல்லார் மேலயும். பெரியப்பாவுக்கு முட்டி மட்டும் இல்ல, கண்ணும் மங்கல். அதைச் சொல்ல மாட்டேங்கிறார்.)

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. முதுகு பரவாயில்லை. தூக்கம் விட்டுவிட்டு வருகிறது. கண்ணைக் காட்டுங்கள். முட்டியைச் சொல்லிக் கண்ணை மறைக்கிற பழக்கம் உங்களுக்கு எப்போதும் உண்டு.

இங்கே உறுப்பினர் குடியிருப்பு நல்ல வசதி. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், அதில் ஒரு மரங்கொத்தி. காலையில் அது தட்ட ஆரம்பித்தால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்விடுகிறேன். யார் யாரோ வருகிறார்கள், நாற்காலி போதவில்லை. போய்விட்டால் நாற்காலிதான் மிச்சம். உங்கள் மருமகன் சாப்பிடுகிறான். பேசிக்கொண்டே சாப்பிடுகிறான், அதனால் என்ன சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

சம்பள விஷயம் நானும் கேட்டேன். "நீயும் சொன்னியாடா?" என்றேன். "இல்லம்மா" என்றான். கேட்டேன், சொன்னான். அவ்வளவுதான்.

எழுதிக் கொடுக்கும் பெண்ணுக்கு என் அன்பு. அவள் எழுத்து உண்மையிலேயே முத்துதான்.

உங்கள் தங்கை

மார்ச் 1

தங்கச்சிக்கு அண்ணன். எல்லாரும் சுகம்.

சபை நடவடிக்கை என்று ரேடியோவில் நேற்று போட்டார்கள். கேட்டேன். சத்தம் சரியாக இல்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

(ஜெராக்ஸ் கடை. அத்தை, எப்பவும் ரெண்டு பக்கம் சொல்றவர் இன்னிக்கு இவ்வளவுதான் சொன்னார். "வேற?" ன்னு கேட்டா, "வேற ஒண்ணும் இல்ல, மடிச்சு ஒட்டு" ன்னார். ரேடியோ நல்லாத்தான் கேட்டுது. நானும் கூட உட்கார்ந்திருந்தேன்.)

மார்ச் 4

தங்கச்சி,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. நான் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே தபால் நிலைய வாசலில் மேசை போட்டு எழுதிக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது, உன்னைத் தெரியாது, நம் ஊரில் யாரையும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு தூரம். உடைத்துச் சொல்கிறேன்.

அது அவன் குரல்தான்.

சபைத் தலைவர் 'ஆதரிப்போர் ஆம் என்க' என்று முடிப்பதற்குள்ளேயே ஒரு 'ஆம்' தனியாக எழும்புகிறது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அந்த முதல் ஆம் கோந்துவுடையது. சின்ன வயதில் வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன் எழுந்து நிற்பானே, அதே முந்திரிக்கொட்டைத்தனம். நடுவில் ஒரு சின்னக் கரகரப்பு, கடைசியில் மேலே ஏறுகிற ஒரு இழுப்பு. பந்தயம் கட்டித் தோற்றாலும் பரவாயில்லை, நான் தப்பாகக் கேட்டிருந்தால் தேவலை என்று மறு ஒலிபரப்பையும் கேட்டேன். தப்பில்லை.

ஊரில் வேறு யாருக்கும் பிடிபடவில்லை. ஜெராக்ஸ் கடைப் பொண்ணு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், "யாரோ ஒருத்தன் அவசரக்குடுக்கை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஆனால் விசில் அதை டேப்பில் பிடித்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பஸ் டிப்போ எதிர் மைதானத்தில் பெரிய கூட்டம். என் மைக்செட்தான். அந்த டேப்பை என் ஒலிபெருக்கிக் குழாயில் போட்டு, ஊருக்கு முன்னால் என்னையே மேடை ஏற்றிக் கேட்கப்போகிறார்களாம். "உங்க காதை மிஞ்சின சாட்சி யாரு? இது நம்ம உறுப்பினர் குரல் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவர் ஷட்டரைச் சுத்தம் பண்ணி நாங்களே மாலை போடறோம்" என்கிறார் விசில். அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், அதுதான் வம்பு. என்றைக்கோ என் மைக்கில் இருமிவிட்டுப் போனவனைக்கூட இருமலை வைத்தே சொல்லிவிடுவேன் என்று நான்தான் ஊரெல்லாம் பெருமை அடித்து வைத்திருக்கிறேன்.

இல்லை என்று சொன்னால் அவன் தப்பித்தான். ஆனால் ஊர் என் வார்த்தையை நம்பித்தான் கேட்கிறது. துடைப்பம் பிடித்துக் கை காய்த்துப்போன ஜனங்களைக் கீழே உட்காரவைத்து, நான் மேலே நின்று அவர்கள் காதில் பூச்சுற்ற வேண்டும். ஆம் என்று சொன்னால் உன் பிள்ளையை என் வாயாலேயே தெருவில் நிறுத்துகிறேன். அப்புறம் எந்த முகத்தோடு உனக்குக் கடிதம் சொல்லி எழுதுவேன்?

இதற்குப் பதில் போடாதே. போட்டால் அந்தப் பொண்ணுதான் படிக்கவேண்டும். அவள் கமிட்டி. என் மனசில் இருந்ததை உன்னிடம் இறக்கி வைத்துவிட்டேன், அது போதும். நீ தைரியமாக இரு.

எழுதிக் கொடுக்கிற இந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தூசி என்கிறார்.

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு. எல்லாரும் சுகமாக இருக்கிறோம், உங்கள் சுகம் அறிய ஆசை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. முன் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டார்கள், நீல நிறம். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வெளிச்சம் குறைவாக வருகிறது, மதியம் படுக்க நல்லது. பக்கத்துக் குடியிருப்பு அம்மா ஒருத்தி ரொட்டி சுடக் கற்றுக் கொடுத்தாள். முதல் நாள் சுட்டது மரங்கொத்திக்குக்கூட ஆகாது. இரண்டாம் நாள் பரவாயில்லை. மாவைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய் எழுதச் சொன்னீர்களே, முட்டி தாங்கியதா? எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டுப் படுங்கள்.

எனக்கு இருப்பது ஒரு மகன், ஒரு அண்ணன்.

வேறென்ன எழுத.

உங்கள் தங்கை

மார்ச் 22

அத்தைக்கு ஜெராக்ஸ் கடையிலிருந்து. நீங்க நல்லா இருக்கணும். இந்த லெட்டரைப் பெரியப்பா சொல்லி எழுதல, நானா எழுதறேன். அவருக்குத் தெரியாது.

போன லெட்டரைப் படிச்சுக் காட்டும்போது 'பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய்'னு வந்துதா, நான் அப்படியே நிறுத்திட்டேன். "பெரியப்பா, எப்போ பஸ்ல போனீங்க? யார்கிட்ட எழுதச் சொன்னீங்க?" ன்னு கேட்டேன். அவர் மைக்கைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். நீங்க முட்டியைத்தான் விசாரிச்சீங்க, பாவம். ஆனா எனக்கு வந்துதே ஒரு ஆத்திரம். நாலு வருஷமா எழுதறேன், ஒரு நாள் காசு கேட்டிருப்பேனா? என் எழுத்துக்கு என்ன குறைச்சல்னு ஊர் விட்டு ஊர் போய் இன்னொருத்தர்கிட்ட எழுதணும்? வேற எதுவும் எனக்குத் தோணல அத்தை, சத்தியமா. பேசறதை நிறுத்திட்டேன். அவர் கடைப் பக்கம் டீ அனுப்பறதையும் நிறுத்திட்டேன்.

கொஞ்ச நாள் பார்த்தார். அப்புறம் கீழே இறங்கி வந்து, மிஷின் பக்கத்துல நின்னு, "உன் எழுத்துல குத்தம் இல்லம்மா. உன் காதுக்குப் பயந்து போனேன்" னார். எல்லாத்தையும் சொல்லிட்டார்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறவர். சம்பளம் ஏத்தச் சொல்லி மனு குடுத்து, அந்த மனு எந்த மேசையில படுத்துத் தூங்குதுன்னு இன்னும் தெரியல. அந்த ஷட்டர்ல ஒட்டின முதல் சீட்டு அவரோடது. அதனால உங்க பையன் மேல எனக்கு இப்போ தனிக் கோபமும் இருக்கு. மறைக்க மாட்டேன்.

ஆனா கமிட்டியில நான் சொல்லல. சொல்றது சுலபம். சொன்னா, பெரியப்பா இத்தனை நாள் தெரிஞ்சே மறைச்சார்னு ஆயிடும். அந்த மனுஷனுக்கு அந்தப் பேர் வர நான் காரணமா இருக்க மாட்டேன். மேடையில என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்டேன். படியேறி மேலே போயிட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது அத்தை. உண்மையைச் சொன்னா உங்களை இழந்துடுவோம்னு நினைக்கிறார். நீங்க எழுதின கடைசி வரியை என்னை மூணு தடவை படிக்கச் சொன்னார்.

உங்க பையன் தானா வந்து சொல்லிட்டார்னா, இவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கு. அவர்கிட்ட சொல்ல உங்களைத் தவிர யார் இருக்கா?

தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க.

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு. இதைப் படித்துக் காட்டுகிற பெண்ணுக்கும் இப்போது எல்லாம் தெரியும் என்பதால் திறந்தே எழுதுகிறேன். அவள் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.

ரேடியோவில் போட்ட அன்று நானும் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். பெற்றவளுக்குத் தெரியாதா அண்ணா? அதை உங்களுக்கு எழுதவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தடவை 'இல்லம்மா' என்பான் என்ற பயம். கேட்காமல் இருந்தால் ஒரு பொய்யோடு போகும்.

அந்தப் பெண்ணின் கடிதத்தைப் போன வாரம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது வாசித்தேன். பாதியிலேயே "அம்மா, அங்க எல்லாரும்தான்..." என்று ஆரம்பித்தான். "வாயை மூடு, முழுசாக் கேளு" என்றேன். அவனை நான் அதட்டி எவ்வளவோ காலம் ஆயிற்று. பியூன், டிரைவர் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முழுவதும் கேட்டான். 'காதுக்குப் பயந்து போனேன்' என்ற இடத்தில் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டான்.

"மாமா பஸ்ல போனாரா? அந்த முட்டியோடயா?" என்று மட்டும் கேட்டான்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி அனுப்பினால் அது என் வார்த்தையாகத்தான் இருக்கும்.

உங்களுக்கும் இப்படிச் சொல்லுங்கள் அப்படிச் சொல்லுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 13

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது. நான் சுகம், கோந்து சுகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நிதானமாகக் கேள்.

நேற்று மைதானம் நிறைந்த கூட்டம். ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் நாலு குழாயையும் காலையிலேயே கட்டிவிட்டேன். காற்று நன்றாக இருந்தது, சத்தம் எதிரொலிக்காமல் டிப்போவைத் தாண்டிப் போனது. அப்படி ஒரு சுத்தமான சத்தம் அமைவது அபூர்வம். இந்த நாளுக்கா அமையவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து பேர் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மா ஒருத்தி, "எங்களுக்குச் சம்பளம் ஏத்தணும்னா கஜானாவுல துட்டு இல்லைங்கிறாங்க. அவங்களுக்கு ஏத்தும்போது மட்டும் எந்தப் பானையில இருந்து மொண்டாங்க?" என்று கேட்டாள். மைதானம் அதிர்ந்தது. அப்புறம் விசில் எழுந்து டேப்பைக் கையில் தூக்கிக் காட்டினார். "மைக்செட்காரர் மேடைக்கு வரணும்" என்றார்.

எழுந்தேன். பெட்டிக்கும் மேடைக்கும் அதிக தூரம் இல்லை, ஆனால் என் முட்டிக்கு அது மலை. பொண்ணு கீழே நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு படி ஏறிவிட்டேன். மூன்றாவது படியில் யாரோ தோளைத் தொட்டார்கள்.

"மாமா, நீங்க உட்காருங்க."

எப்போது வந்தான் என்று தெரியாது. சாதாரண பஸ்ஸில் வந்திருக்கிறான், சட்டை கசங்கி, தலை கலைந்து. ஜனங்களுக்கு அவன் யார் என்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. நேராகப் போய் மைக்கைப் பிடித்தான். ரொம்பக் கிட்டப் பிடித்தான், அது ஊளையிட்டது. ஓடிப்போய்க் குமிழைக் குறைத்தேன். என்ன ஆனாலும் சத்தம் ஒழுங்காக வரவேண்டுமே.

"டேப் போட வேணாம். அதுல முதல்ல வர்ற குரல் என்னுது. நான்தான் சொன்னேன். சொல்லலைன்னு பேப்பர்ல சொன்னது பொய்" என்றான்.

பின்னாலிருந்து ஒருத்தன், "அப்பாடா, நாற்காலி இல்லப்பா!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. சிரிப்பு முடிந்த கையோடு கோபம் வந்தது. ஒரு செருப்பு பறந்து வந்து என் பெட்டி பக்கத்தில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில், "எவன்டா அது? உறுப்பினர் மேல எறியறதுன்னா குறி பார்த்து எறி, பெட்டி உடைஞ்சா உங்கப்பனா குடுப்பான்?" என்று கத்திவிட்டேன். மைக் பக்கத்தில் நின்றதால் அது ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்கும் சிரித்தார்கள். எறிந்தவன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

அப்புறம் இந்தப் பொண்ணின் வீட்டுக்காரர் எழுந்தார். அதிகம் பேசாத மனுஷன்.

"உங்க சம்பளத்தை ஏத்த எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"டீ ஆறுற நேரம்கூட ஆகல."

"எங்க மனு ஆறு வருஷமா ஆறுது."

கோந்து மைக்கை இறக்கிப் பிடித்தான். அவரே மறுபடி கேட்டார்.

"எதுக்கு எல்லாருக்கும் முன்னாடி நீங்க சொன்னீங்க?"

"எப்படியும் எல்லாரும் சொல்லத்தான் போறாங்கன்னு தெரியும். முதல்ல சொன்னா மேல இருக்கறவங்க கண்ணுல படுவேன்னு நினைச்சேன்."

"பட்டீங்களா?"

"உங்க கண்ணுலதான் பட்டேன்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கூட்டிய பணத்தை விடுகிறாயா என்று விசில் கேட்டார். துப்புரவுக்காரர்கள் மனு சபைக்கு வந்து முடிவாகிற வரைக்கும் கூட்டிய சம்பளத்தைத் தொடமாட்டேன் என்றான். "பார்க்கலாம்" என்றார் விசில். கை தட்டல் கிடையாது. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு மூன்று பேர் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஷட்டரில் சீட்டுகள் அப்படியே இருக்கட்டும் என்றான். இல்லையென்றாலும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

உனக்குப் பொய் சொல்லமாட்டேன், அவன் பேர் இங்கே கெட்டுத்தான் போயிருக்கிறது. டீக்கடையில் காலையில் அதே பேச்சுதான். ஆனால் கூட்டம் கலைந்ததும் வயரைச் சுருட்ட வந்தான். வேண்டாம், நீ சபை உறுப்பினர் என்றேன். "இன்னிக்கு அதைச் சொல்லிக் கூப்பிடாதீங்க மாமா" என்றான். கடையிலேயே இரண்டு பேரும் ரொட்டியும் டீயும் சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், பேசாமல்தான் சாப்பிட்டான். குழாய்களுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்தான், படுத்த உடனே குறட்டை. இன்று காலை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

மனசு லேசாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

(ஜெராக்ஸ் கடை. அத்தை, என் வீட்டுக்காரர் அவ்வளவு பேசி நான் கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் கேட்டதே இல்ல. வீட்டுக்கு வந்து மறுபடி ஊமையாயிட்டார். மனு விஷயம் நடக்கற வரைக்கும் உங்க பையனை நாங்க விடமாட்டோம். அதையும் சொல்லிடுங்க.)

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு. இங்கே நலம். அவன் வந்து சேர்ந்தான். மனுவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டானாம், எந்த மேசை என்று தெரிந்துவிட்டதாம். அந்த மேசைக்காரர் இவனைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறாராம். நேற்று அவர் சாப்பிடுகிற இடத்திலேயே போய் எதிரில் உட்கார்ந்தானாம். மாவைச் சரியாக மூடி வைக்கக் கற்றுக்கொண்டேன், ரொட்டி இப்போது பஞ்சு.

ஒன்று கேட்கவேண்டும். கேட்காமல் விட்டுவிடலாம் என்று இத்தனை நாள் பார்த்தேன், முடியவில்லை. அவன் வந்தான், நல்லது. ஆனால் நீங்கள் அதற்குள் இரண்டு படி ஏறிவிட்டீர்களே அண்ணா. அவன் வராமல் இருந்திருந்தால் மேலே போய் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எதுவாக இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதலாம். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

உங்கள் தங்கை

மே 2

தங்கச்சிக்கு அண்ணன். கண்ணைக் காட்டினேன், சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊற்றினால் ஐந்து நிமிஷம் உலகமே தண்ணீருக்குள் இருக்கிறது. மற்றபடி சுகம்.

நீ கேட்டதை இந்தப் பொண்ணு படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே கேள்விதான், கேட்கத்தான் தைரியம் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

'அவன்தான்' என்று சொல்லியிருப்பேன்.

உன்னை நினைக்காமல் இல்லை. முதல் படியில் உன்னைத்தான் நினைத்தேன். ஆனால் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் என் நாக்கு வேறு மாதிரி புரண்டிருக்காது.

சொல்லிவிட்டு என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். கூட்டத்துக்கு மறுநாள் காலை உன் ஊர் வண்டிக்கு இடம் பிடித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, இவளிடமும் சொல்லவில்லை. நேரே உன் வீட்டுக்கு வந்து, வாசலில் நிற்பதாக இருந்தேன். நீ கதவைச் சாத்தினாலும் நிற்பது, திட்டினாலும் நிற்பது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதுதான் முடிவாகாமல் இருந்தது. கழற்றினால், உள்ளே கூப்பிடுவாய் என்று நானே நினைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கழற்றாமல் நின்றால், திரும்பிப் போகத் தயாராக வந்தவன் மாதிரி ஆகிவிடும். மேடைப் படி ஏறும்போதுகூட அந்த யோசனை முடியவில்லை.

அந்த டிக்கெட்டை விசிலிடம் கொடுத்தேன். டிப்போவில் அவர் பேச்சு இன்னும் செல்லுபடியாகிறது, சண்டை போட்டு வேறு தேதிக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். எதுக்கு இந்தப் பயணம் என்று கேட்டார். தங்கச்சி ரொட்டி சுடுகிறாளாம், தின்னப் போகிறேன் என்றேன்.

பதினான்காம் தேதி காலை வந்து இறங்குவேன். உனக்கு வருத்தமா இல்லையா என்று அதற்குள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, என்னை உட்காரவைத்து யோசி. நான் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே வருவேன்.

அண்ணன்